பேசாத பிளேயருக்கு நம் ஊர்க் குரல்

மறந்துபோன எம்.பி.3 பிளேயர்களைப் பார்வையற்றோருக்குப் பேசிக் காட்டும் கருவிகளாக மாற்றுகிறது ஓர் இலவச மென்பொருள். அந்தப் பேச்சு தமிழில் ஒலிக்க வேண்டுமானால், வேலையை நாம்தான் கையில் எடுக்க வேண்டும்.

கிழக்கிலங்கையின் கல்முனைப் பசாரில் போன் கடைகளுக்குக் குறைவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு கணினியும் அதற்கு முன்னால் ஓர் இளைஞரும் இருந்தால் போதும், அது பாட்டுக் கடையும் ஆகிவிடும். "தம்பி, இந்தச் சிப்புக்கு ஹனிபாட பாட்டெல்லாம் அடிச்சித் தாங்க" என்று மெமரி சிப்பை நீட்டினால், நாகூர் ஈ. எம். ஹனிபாவின் பாடல்களோடு குர்ஆன் ஓதல், ரமழான் பயான், பழைய சினிமாப் பாட்டு என்று கேட்டதும் கேட்காததும் சேர்ந்து ஏறி வரும். மருதமுனையில் தொடங்கி சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் வரை இந்தக் கரையோரத்தில் பாட்டு வீட்டுக்கு வரும் வழி இதுதான்.

வாங்கிப் போகிறவருக்குப் பார்வை இருந்தால் அத்தோடு விஷயம் முடிந்தது. பார்வை இல்லாதவருக்கு அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

சிப்பில் ஆயிரம் பாட்டு இருக்கிறது. வேண்டிய ஒன்றை எடுக்க வழியில்லை. பிளேயரின் சின்னத் திரையில் கோப்புகளின் பெயர் ஓடுகிறது. கருவியோ வாய் திறப்பதில்லை. அடுத்தது, அடுத்தது என்று பொத்தானை அமுக்கிக்கொண்டே போக வேண்டும். கை தவறி 'அழி' என்ற இடத்துக்குப் போய்விட்டால் அதுவும் தெரியாது. ஒன்றரை மணிநேர பயானைப் பாதியில் நிறுத்தினால், மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டியதுதான். கடைசியில் பேரப்பிள்ளையைக் கூப்பிட்டு, "மன, இதுல அந்தப் பாட்ட எடுத்துத் தா" என்று கேட்க வேண்டியிருக்கிறது. விரும்பிய பாட்டை விரும்பிய நேரத்தில் கேட்பது சிறிய சுதந்திரம்தான். அதற்கும் ஒவ்வொரு முறையும் இன்னொருவரின் கண்ணை இரவல் வாங்க வேண்டியிருப்பது சிறிய துன்பமல்ல.

இலங்கையின் 2012 குடிசன மதிப்பீட்டில் பார்ப்பதில் சிரமம் இருப்பதாகப் பதிவானவர்கள் ஏறத்தாழ 10 இலட்சம் பேர். முற்றாகப் பார்வை இழந்தோர், மங்கலாகப் பார்ப்போர், நீரிழிவுக்கும் முதுமைக்கும் பார்வையைப் பறிகொடுத்தோர் என்று எல்லாரும் அதில் அடக்கம். திரையைப் படிக்க முடியாதவர்கள் எங்கோ ஒரு மூலையில் இருக்கும் சிலர் என்று நினைத்துக் கருவி செய்வது எவ்வளவு தவறு என்பதற்கு அந்த எண் ஒன்றே சாட்சி.

காத்திருக்காதவர்கள்

ஒரு கருவி பேசுமா பேசாதா என்பதைத் தீர்மானிப்பது அதன் நிலைபொருள். தொழிற்சாலையிலேயே கருவிக்குள் ஏற்றப்படும் அடிப்படை மென்பொருள் அது. எந்தப் பொத்தானை அமுக்கினால் என்ன நடக்கும், திரையில் என்ன தோன்றும் என்பதெல்லாம் அதற்குள் எழுதப்பட்டிருக்கிறது. காசு கொடுத்துக் கருவியை வாங்கியவருக்கு அதில் கை வைக்க இடம் கிடையாது.

2001 இன் இறுதியில் ஸ்வீடனைச் சேர்ந்த பியோர்ன் ஸ்டென்பர்க், லீனுஸ் நீல்சன் ஃபெல்ட்சிங் முதலிய நிரலாளர்கள் இந்த நிலையை ஏற்க மறுத்தார்கள். அவர்கள் வாங்கிய ஆர்க்கோஸ் ஜூக்பொக்ஸ் பிளேயரின் மென்பொருள் அவர்களுக்குத் திருப்தி தரவில்லை. நிறுவனம் எப்போது திருத்தும் என்று காத்திருக்காமல், அந்தக் கருவிக்கான நிலைபொருளைத் தாங்களே அடியிலிருந்து எழுதத் தொடங்கினார்கள். அதுதான் 'ரொக்பொக்ஸ்'. முதற்பதிப்பு 2002 இல் வந்தது. எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், மூலநிரலைப் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பகிரலாம் என்ற பொது உரிமத்தின் கீழ் அதை வெளியிட்டார்கள்.

பிறகு பல நாட்டுத் தன்னார்வலர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஐரிவர், கோவொன், தோஷிபா கிகாபீட், சான்டிஸ்க் சன்சா, ஐபொட்டின் பல தலைமுறைகள் என்று ஒவ்வொரு கருவியாக ரொக்பொக்ஸ் ஏறியது. ஐபொட்டில் அதன் அருமை நன்றாகத் தெரியும். ஆப்பிள் வகுத்த முறைப்படி ஐடியூன்ஸ் மென்பொருள் வழியாகத்தான் பாட்டை ஏற்ற வேண்டும். ஏறிய பாட்டுகள் பெயர் மாறி, மறைந்த கோப்புறைகளுக்குள் சிதறிக் கிடக்கும். ரொக்பொக்ஸ் போட்ட ஐபொட்டோ ஒரு பென் டிரைவ் போல நடந்துகொள்ளும். நீங்கள் வைத்த கோப்பு, வைத்த பெயரில், வைத்த இடத்தில் இருக்கும்.

பார்வையற்றோருக்கான திருப்பம் 2004 இல் வந்தது. பட்டியல்களை வாசித்துக் காட்டும் குரல் அப்போது ரொக்பொக்ஸில் சேர்ந்தது. ஆப்பிள் தன் மூன்றாம் தலைமுறை ஐபொட் ஷஃபிளில் பாட்டின் பெயரைச் சொல்லும் வசதியைத் தந்தது 2009 மார்ச்சில்தான். அதுவும் 14 மொழிகளில். அவற்றில் தமிழ் இல்லை. 2022 மே மாதம் ஐபொட் தயாரிப்பையே அந்நிறுவனம் நிறுத்திவிட்டது. ரொக்பொக்ஸ் இன்னும் உயிரோடு இருக்கிறது. 2025 இல் அதன் 4.0 பதிப்பு வெளிவந்தது.

விரலும் காதும்

சான்டிஸ்க் சன்சா கிளிப் பிளஸ் என்ற பிளேயரைக் கையில் எடுத்துப் பார்ப்போம். 2009 இல் வந்தது. தீப்பெட்டி அளவுதான், சட்டையில் கொளுவிக்கொள்ளலாம். முன்பக்கம் நாலு திசைக்கும் நகர்த்தும் சதுரப் பொத்தான், அதன் நடுவில் தேர்வுப் பொத்தான், பக்கத்தில் ஒலியளவு. ஒவ்வொன்றும் விரலுக்குத் தனித்தனியாகத் தட்டுப்படும். மைக்ரோ எஸ்.டி. சிப் போட ஓர் இடுக்கும், எஃப்.எம். வானொலியும், குரல் பதியும் மைக்கும் உண்டு.

ரொக்பொக்ஸ் ஏற்றிய பிறகு இதே கருவியின் பட்டியலில் முதல் வரிக்கு வந்தால் காதில் ஒரு குரல் 'கோப்புகள்' என்று ஆங்கிலத்தில் சொல்கிறது. ஒருபடி கீழே இறங்கினால் 'தரவுத்தளம்', இன்னும் கீழே 'அமைப்புகள்'. விரல் நகரும் இடமெல்லாம் குரல் கூடவே வருகிறது. மின்கலத்தில் எவ்வளவு மிச்சம், சிப்பில் எவ்வளவு இடம் என்றும் சொல்கிறது. நிறுத்திய இடத்தை அடையாளம் வைத்து, மறுபடி அங்கிருந்தே தொடர்கிறது. பேச்சின் வேகத்தைக் கூட்டினாலும் குரல் கீச்சிடாமல் பார்த்துக்கொள்கிறது. நீண்ட பயானும் ஒலிநூலும் கேட்பவருக்கு இவை இரண்டும் பெரிய வரம்.

இந்தக் குரல் எப்படி வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் நமக்கான வழியும் தெரியும். இவ்வளவு சிறிய கருவி எழுத்தைப் பார்த்துத் தானே பேசுவதில்லை. ஒவ்வொரு பட்டியல் சொல்லுக்கும் முன்கூட்டியே உருவாக்கிய ஒலித்துண்டுகள் ஒரே குரல் கோப்பில் அடுக்கப்பட்டிருக்கின்றன. விரல் ஓரிடத்தில் நின்றதும் உரிய துண்டை எடுத்து ஒலிக்கிறது, அவ்வளவுதான்.

பாட்டுகளின் பெயர்களுக்கு இரண்டு வழிகள். ஒன்று, கோப்பின் வரிசை எண்ணைச் சொல்வது அல்லது பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்வது. அப்படி எழுத்துக் கூட்டுவது ஆங்கில எழுத்துகளுக்கு மட்டும்தான். பெயர் தமிழில் இருந்தால் குரல் வராது. மற்றது, ஒவ்வொரு கோப்புக்கும் கோப்புறைக்கும் பக்கத்தில் '.டோக்' என்று முடியும் ஒரு சிறிய ஒலிக் கோப்பை வைப்பது. பெயரின் மேல் விரல் வந்ததும் அந்த ஒலி கேட்கும். ரொக்பொக்ஸோடு கிடைக்கும் உதவி மென்பொருள் ஒரு கோப்புறை முழுவதற்கும் இவற்றைக் கணினிக் குரலில் தானாகவே செய்து தரும். தமிழ் பேசும் ஈஸ்பீக் என்ற இயந்திரக் குரலை அதில் தெரிவுசெய்தால் தமிழ்ப் பெயர்களும் தமிழிலேயே ஒலிக்கும்.

இயந்திரக் குரல் வேண்டாம் என்றால் மனிதக் குரலையும் வைக்கலாம். மகள் தன் குரலில் 'ஹனிபா', 'ஓதல்', 'பயான்', 'வாப்பாட பழைய பாட்டு' என்று பதிந்து, ரொக்பொக்ஸ் கேட்கும் ஸ்பீக்ஸ் வடிவத்துக்கு மாற்றி, உரிய பெயரில் கோப்புறைக்குள் போட்டால் போதும். பிளேயர் அந்த வீட்டுப் பேச்சில் பேசும். கல்முனையின் 'ட'கரம் கொழும்புத் தமிழாகவோ சென்னைத் தமிழாகவோ மாற வேண்டியதில்லை.

பாட்டை ஏற்றுவது

பிளேயர் பேசினால் மட்டும் போதாது, பாட்டை ஏற்றும் கணினியும் பேச வேண்டும். அதற்கும் இலவச வழி இருக்கிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த, தாமும் பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006 இல் எழுதத் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் விண்டோஸ் கணினியில் இயங்குகிறது. திரையில் இருப்பதை வாசிக்கும். தமிழையும் வாசிக்கும். அதற்கு வேண்டிய ஈஸ்பீக் குரல் அதனுடனேயே வருகிறது.

என்.வி.டி.ஏ. இயங்கும் கணினியில் ரொக்பொக்ஸ் பிளேயரைக் கொளுவினால் அது இன்னொரு டிரைவாகத் தெரியும். அம்புக்குறி விசைகளால் பாட்டைத் தேடி, கொன்ட்ரோல் சி அமுக்கி, பிளேயரின் கோப்புறைக்குப் போய் கொன்ட்ரோல் வி அமுக்கினால் ஏற்றியாயிற்று. சுட்டி தேவையில்லை, தனி மென்பொருளும் தேவையில்லை. பாட்டுகளின் தலைப்பு, பாடகர் விவரங்களைத் திருத்த எம்.பி.3டேக், கேட்டுத் தெரிவுசெய்ய ஃபூபார்2000 ஆகிய இலவச மென்பொருள்களைத் திரைவாசிப்பானோடு விசைப்பலகையிலேயே இயக்கலாம்.

ரொக்பொக்ஸை நிறுவுவதும் கடினமில்லை. உதவி மென்பொருளைத் திறந்து, கருவியின் வகையைத் தெரிவுசெய்து, நிறுவச் சொல்ல வேண்டும். குரல் கோப்பையும் சேர்க்குமாறு குறியிட மறக்கக் கூடாது. அதை விட்டால் கருவி பழையபடி ஊமைதான். சன்சா வகைகளில் நிறுவனத்தின் மூல நிலைபொருள் கோப்பையும் தரவிறக்கிக் காட்ட வேண்டும். மென்பொருள் அதில் ரொக்பொக்ஸின் தொடக்க நிரலைச் சேர்த்துத் திரும்பக் கருவியில் போடும். வடத்தைக் கழற்றியதும் பிளேயர் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். பழைய நிலைபொருள் அழிவதில்லை. கிளிப் பிளஸில் இடது பொத்தானை அமுக்கிக்கொண்டு உயிரூட்டினால் அதுவே வரும்.

ஓரிடத்தில் மட்டும் பார்வையுள்ள ஒருவரின் கை வேண்டும். நிறுவும் முன் பிளேயரின் யூ.எஸ்.பி. முறையை எம்.எஸ்.சி. என்று மாற்றும் இடம் அது. பேசாத பழைய பட்டியலுக்குள் இருக்கும் கடைசி வாசல் அதுதான். ஒரு தடவை திறந்துவிட்டால் பிறகு எவரையும் கூப்பிட வேண்டியதில்லை.

"ஸ்மார்ட் போனிலேயே எல்லாம் இருக்கிறதே, பழைய பிளேயர் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அன்ட்ரொயிட் போனின் டோக்பெக் தமிழிலும் பேசுகிறது. அதைக் கைவசப்படுத்தியவர்கள் பலர். ஆனால் வழுக்கும் கண்ணாடியில் இடம் தேடுவது முதுமையில் பார்வை இழந்தவருக்குப் பெரும்பாடு. விரலுக்குத் தட்டுப்படும் பொத்தானை அவர் ஒரே நாளில் பழகிவிடுவார். 2022 நெருக்கடியில் ரூபாய் விழுந்தபோது போன் விலை எகிறியதையும், மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்சாரம் நின்றதையும் நாம் மறக்கவில்லை. இணையமோ டேட்டாவோ கேட்காத சின்னக் கருவியின் பெறுமதி அப்படியான நாட்களில் தெரியும்.

கிளிப் பிளஸ் இப்போது தயாரிப்பில் இல்லை. பழையதாகத்தான் தேட வேண்டும். ஃபியோ எம்3கே, ஷான்லிங் கியூ1, ஹைஃபைவோக்கர் எச்2 போன்ற பிற்காலக் கருவிகளிலும் ரொக்பொக்ஸ் ஓடுகிறது. வாங்கும் முன் வகையின் பெயரையும் பதிப்பையும் ஆதரவுப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது. அலுமாரியில் எங்கேயாவது பழைய ஐபொட் கிடந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள்.

பட்டியலில் தமிழ் இல்லை

ரொக்பொக்ஸின் பட்டியல்கள் நாற்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று வலிசர்டிட்ச். சுவிட்சர்லாந்தின் வலே மலைப்பகுதியில் பேசப்படும் ஜெர்மன் கிளைமொழி அது. அந்த மலைக் கிராமங்களின் பேச்சு அங்கே இருக்கிறது. கோடிக்கணக்கானோர் பேசும் தமிழ் இல்லை. அங்கே எவரோ உட்கார்ந்து வேலை பார்த்தார், இங்கே இன்னும் எவரும் பார்க்கவில்லை. வேறு காரணம் எதுவும் கிடையாது.

அந்த வேலையின் அளவு தெரிந்தால் தயக்கம் போய்விடும். மொழிக் கோப்பு என்பது சாதாரண எழுத்துக் கோப்பு. ஒவ்வொரு சொற்றொடருக்கும் மூன்று பகுதிகள்: மூல ஆங்கிலம், திரையில் காட்ட வேண்டிய மொழிபெயர்ப்பு, குரலில் சொல்ல வேண்டியது. மூன்றாவது பகுதி தனியாக இருப்பதுதான் நமக்கு வாய்ப்பு. திரையில் எழுத்து எப்படி இருந்தாலும், காதில் விழும் சொல்லை நம் பேச்சுக்கு ஏற்ற மாதிரி எழுதலாம். கற்றவர்கள் செய்த கலைச்சொல் ஒன்று மூத்தம்மாவுக்குப் புரியாது என்றால், அவருக்குப் புரியும் சொல்லை அந்த இடத்தில் வைக்கலாம்.

எழுதி முடித்த கோப்பிலிருந்து ஈஸ்பீக்கின் தமிழ்க் குரலில் குரல் கோப்பைக் கட்டலாம். அதைவிட நல்லது, தெளிவாக உச்சரிக்கும் ஒருவர் எல்லாச் சொற்றொடர்களையும் வாசித்துப் பதிவது. இலங்கைத் தமிழ் வானொலி உச்சரிப்புக்குப் பேர்போனது. இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவையைக் கேட்டு வளர்ந்த கரையோரம் இது. அட்டாளைச்சேனையிலிருந்தே பிறை எஃப்.எம். வானொலி ஒலித்திருக்கிறது. குரலுக்கு நாம் வெளியே போகத் தேவையில்லை.

கெசட்டில் கிடப்பவை

பிளேயரில் ஏற்ற வேண்டியது கடையில் கிடைக்கும் பாட்டு மட்டுமல்ல. காதலையும் பிரிவையும் வயல் வேலையையும் பாடிய கிராமியக் கவிகள், தாலாட்டு, றபான் அடித்துப் பாடும் பக்கீர்மாரின் பைத், களிகம்பாட்டப் பாடல் என்று இந்த மண்ணின் இசை பெரிது. சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையில் இருக்கும் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர்தான் பழந்தமிழரின் யாழை ஆராய்ந்து 1947 இல் யாழ்நூலை வெளியிட்டார். ஒலியை மதித்த ஊர்கள் இவை.

அந்தப் பாடல்களில் பல வீட்டுக் கெசட்டுகளில் ஒரே பிரதியாகக் கிடக்கின்றன. ஒரே பிரதி எவ்வளவு ஆபத்தானது என்பது இந்தக் கரைக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையில் மிக அதிகமாக உயிர்களை இழந்தது இந்தக் கரை அடங்கிய அம்பாறை மாவட்டம். மாண்டவர்கள் 10,000க்கும் மேல். வீடுகளோடு புகைப்படங்களும் கெசட்டுகளும் கடலோடு போயின. மறைந்தவர்களின் குரலைத் திரும்பக் கேட்க வழியில்லாமல் போன குடும்பங்கள் கல்முனையிலும் மருதமுனையிலும் இருக்கின்றன.

மிஞ்சியதையாவது பிரதி எடுக்க வேண்டும். கெசட் பிளேயரின் ஹெட்போன் துளையிலிருந்து கணினியின் ஒலி உள்ளீட்டுக்கு ஒரு வடம், ஓடாசிட்டி என்ற இலவசப் பதிவு மென்பொருள், கெசட் ஓடி முடியும் வரை பொறுமை. இவ்வளவுதான் தேவை. ஓடாசிட்டியையும் திரைவாசிப்பானோடு விசைப்பலகையிலேயே இயக்கலாம் என்பதால் பார்வையற்ற ஒருவரே இதை முழுமையாகச் செய்ய முடியும். மூலப் பதிவைத் தரம் குறையாத ஃபிளாக் வடிவில் கணினியில் வைத்துக்கொண்டு, கேட்பதற்கு எம்.பி.3 ஆக்கலாம். 60 நிமிடக் கெசட் ஒன்று 128 கிலோபிட் தரத்தில் ஏறத்தாழ 58 மெகாபைட். 8 கிகாபைட் சிப் ஒன்றில் அப்படி 130க்கும் மேற்பட்ட கெசட்டுகள் அடங்கும். 2005 இலிருந்து ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தி வரும் நூலகம் திட்டத்துக்கும் ஒரு பிரதி போனால், அது அடுத்த தலைமுறைக்கும் சேரும்.

இனிச் செய்ய வேண்டியது

வேலை நாலு பேருக்குப் பிரியும். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் மொழிக் கோப்பைத் தமிழாக்கலாம். ஒரு பருவத்தின் செயற்றிட்டத்துக்கு அது ஏற்ற அளவு. வானொலியில் பழகிய குரல் ஒன்று அதை வாசித்துத் தரலாம். மட்டக்களப்பின் தரிசனம் பாடசாலையிலும் சுன்னாகத்தின் வாழ்வகத்திலும் பயிலும் பார்வையற்றோர், அதைப் பயன்படுத்திப் பார்த்து எந்தச் சொல் புரியவில்லை, எந்தக் குரல் வேகமாகப் போகிறது என்று சொல்ல வேண்டும். தீர்ப்பு அவர்களுடையதாக இருக்க வேண்டும். பசாரில் சிப்புக்குப் பாட்டு அடிக்கும் தம்பிமார், கேட்டு வருகிறவருக்கு ரொக்பொக்ஸ் ஏற்றி, '.டோக்' கோப்புகளும் செய்து கொடுக்கலாம். அவர்கள் நாளாந்தம் செய்யும் தொழிலில் இது இன்னொரு படி மட்டுமே.

வாசிப்பதில் தடையுள்ளோருக்காக நூல்களை ஒலிநூலாக்கும் உரிமையை வலியுறுத்தும் மரக்கேஷ் உடன்படிக்கையில் இலங்கை 2016 இல் இணைந்தது. சட்டம் வாசலைத் திறந்திருக்கிறது. ஒலிநூல் வந்தாலும் அதைத் தானே தேடி எடுத்துக் கேட்கும் கருவி கையில் இல்லாவிட்டால் அந்த உரிமை ஏட்டோடு நின்றுவிடும்.

தமிழ் பேசும் பிளேயரை எந்த நிறுவனமாவது ஒருநாள் செய்து விற்கும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை. ஸ்வீடனில் சிலர் காத்திருக்க மறுத்ததால்தான் ரொக்பொக்ஸே பிறந்தது. மாற்றவும் பகிரவும் வேண்டிய உரிமையை அவர்கள் எல்லாருக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மொழிக் கோப்பைத் திறந்து முதல் சொல்லைத் தமிழில் எழுத எவருடைய அனுமதியும் தேவையில்லை. அந்த முதல் சொல் கல்முனையில் எழுதப்படட்டும்.